பெயர்கள் வெளியிலிருந்து வந்த தீவு: ஹேவ்லாக்கில் மூன்று நாள் நடை

(நீண்ட பதிவு. ஆய்வேட்டில் இடம்பெறாமற்போன சில பக்கங்களைக் களப்பணிக் குறிப்புகளோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். இடப்பெயராய்விலும் வட்டார வரலாற்றிலும் ஈடுபடும் மாணவர்களுக்குப் பயன்படலாம்.)

ஒரு சிற்றூரை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள குன்றுகளையும் பழந்தடங்களையும் கால்நடையாகவே அளந்து வரலாறு எழுதுவது இங்கிலாந்தின் வட்டார வரலாற்றாசிரியர்களுக்குப் பழகிப்போன முறை. 1955இல் டபிள்யூ. ஜி. ஹாஸ்கின்ஸ் இங்கிலாந்து நிலத்தோற்றத்தின் உருவாக்கத்தைப் பற்றி எழுதிய நூல் அம்முறைக்கு ஓர் இலக்கணமே வகுத்தது. ஆவணக் காப்பகத்திற்குப் போகுமுன் காலணியை மாட்டிக்கொண்டு வயலில் இறங்கு. வேலியின் வளைவும் பாதையின் திருப்பமும் ஆவணங்களே என்பது அந்நூலின் அடிப்படை. அதற்கு ஒன்பதாண்டுகள் முன்னரே, 1946இல், ரா. பி. சேதுப்பிள்ளை 'ஊரும் பேரும்' எழுதிவிட்டார். காலணிக்குப் பதில் அவர் கையில் இருந்தது சொல். ஊரின் பெயரைக் கீறிப் பார்த்தால் உள்ளே மலையோ ஏரியோ மன்னனோ தெய்வமோ இருக்கும் என்பது அவர் நமக்குக் கற்பித்த பாடம்.

இவ்விரு முறைகளையும் சேர்த்து ஓரிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நான் தேர்ந்த இடம் இங்கிலாந்துச் சிற்றூரன்று. ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைச் சுமந்த இந்தியத் தீவு. போர்ட் பிளேரின் பீனிக்ஸ் பே துறையிலிருந்து அரசுக் கப்பலில் ஏறினால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் ஹேவ்லாக் வந்துவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆறாயிரத்துச் சொச்சம் பேர். கரையோரம் மணல், அதன் பின்னால் நெல்லும் வாழையும் பாக்கும், அதற்கும் பின்னால் காடு போர்த்திய தாழ்ந்த குன்றுகள். கோட்டை இல்லை, கோபுரம் இல்லை, கல்வெட்டு இல்லை. சுற்றுலாக் கையேடுகள் இதை வரலாறற்ற அழகிய தீவு என்று எழுதுகின்றன. 'வரலாறற்ற' என்ற அந்தச் சொல்தான் என்னை இழுத்தது.

துறையில் இறங்கியதும் முதல் சிக்கல் பெயரில் தொடங்கியது. பயணச்சீட்டில் சுவராஜ் த்வீப். மாலுமி கூவியது ஹேவ்லாக். ஏறுவதற்கு முன் ஆட்டோ ஓட்டுநர் கேட்டது, "நம்பர் த்ரீயா, நம்பர் ஃபைவா, நம்பர் செவனா?" ஒரே நிலத்தை மூன்று பெயர்முறைகள் ஒரே நேரத்தில் ஆண்டுகொண்டிருந்தன. இவற்றுள் எது யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

ஹேவ்லாக் என்பது மேஜர் ஜெனரல் சர் ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர். 1795இல் வடகிழக்கு இங்கிலாந்தில், சண்டர்லாந்தை ஒட்டிய பிஷப்வியர்மவுத்தில் பிறந்தவர். (தமிழ் வாசகர் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். கொழும்பின் ஹேவ்லாக் டவுனும் ராஜமுந்திரியில் கோதாவரியின் குறுக்கே 1900இல் திறக்கப்பட்ட ஹேவ்லாக் பாலமும் இவர் பெயரில் அமைந்தவை அல்ல. இலங்கையின் ஆளுநராகவும் பின்னர் சென்னை மாகாண ஆளுநராகவும் இருந்த ஆர்தர் ஹேவ்லாக் வேறொருவர். இணையத்தில் மட்டுமல்ல, அச்சேறிய கட்டுரைகளிலும் இருவரும் கலந்துபோயிருப்பதைக் கண்டிருக்கிறேன்.) ஹென்றி ஹேவ்லாக் செராம்பூர் பாப்டிஸ்ட் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மனின் மகளை 1829இல் மணந்தவர், மாமனாரின் சபையிலேயே சேர்ந்தவர். முதலாம் ஆங்கில - பர்மியப் போரில் பணியாற்றி, அதைப் பற்றி ஒரு நூலும் எழுதி செராம்பூரில் அச்சிட்டார். 1824இல் அப்போருக்காகக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கிளம்பிய கப்பல்கள் ஒன்றுகூடிய இடம் வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகம். ஆனால் தீவுக்குப் பெயர் வந்தது பர்மியப் போரால் அன்று. 1857இல் கான்பூரையும் லக்னோவையும் நோக்கி அவர் நடத்திச் சென்ற படையால்.

காலாபத்தர் கடற்கரையில் காலையில் நின்று வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் இதன் முழு அளவும் உறைத்தது. தென்புறத் தீவு நீல். வடக்கே பீல், வில்சன், நிக்கல்சன், ஜான் லாரன்ஸ், ஹென்றி லாரன்ஸ், அவுட்ரம், கிழக்கே இங்லிஸ். தீவுக்கூட்டம் முழுமைக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கடலளவையாளர் ஜான் ரிச்சியின் பெயர். அதனுள் இருப்பவை எல்லாம் 1857இன் பெயர்கள். ஹென்றி லாரன்ஸ் லக்னோ ரெசிடென்சியில் 1857 ஜூலையில் குண்டுபட்டு இறந்தவர். அவருக்குப் பின் அந்தக் காவற்படையை நடத்தியவர் இங்லிஸ். அதை மீட்க வந்தவர்கள் ஹேவ்லாக்கும் அவுட்ரமும் நீலும். கப்பற்படைப் பீரங்கிகளைக் கரையேற்றி லக்னோவுக்கு இழுத்துவந்தவர் வில்லியம் பீல். டெல்லியைத் தாக்கி அங்கே உயிர்விட்டவர் நிக்கல்சன். அத்தாக்குதலின் தலைமைத் தளபதி வில்சன். ஓர் ஆங்கிலச் சிற்றூரில் தேவாலயத்துச் சுவரில் போரில் இறந்தோர் பெயர்களைப் பொறித்துவைப்பார்கள். இங்கே சுவருக்குப் பதிலாகக் கடல்.

இப்பெயர்களைப் புரிந்துகொள்ள, அதே ஆண்டுகளில் இத்தீவுகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1857இன் இறுதியில் எஃப். ஜே. மோவட் தலைமையில் ஒரு குழு அந்தமானுக்கு அனுப்பப்பட்டது, கைதிகளை வைக்க இடம் பார்ப்பதற்காக. 1858 மார்ச் 10ஆம் நாள் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். கலகத்தில் பங்கெடுத்தவர்களை அடைத்துவைத்த தீவுகளுக்கு, அக்கலகத்தை ஒடுக்கியவர்களின் பெயர்கள். லக்னோவில் பேகம் ஹஸ்ரத் மஹலின் தரப்போடு தொடர்புடையவர் என்று தண்டிக்கப்பட்ட அறிஞர் ஃபஸ்லுல் ஹக் கைராபாதி 1861இல் அந்தமானிலேயே காலமானார். அவர் கல்லறை போர்ட் பிளேரில் இருக்கிறது. அலகாபாத்தில் நீலை எதிர்த்து நின்ற மௌல்வி லியாகத் அலி பல ஆண்டுகள் தலைமறைவாக இருந்து, பிடிபட்டு, அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டார். தன்னைத் துரத்தியவன் பெயரில் ஒரு தீவு இருக்கும் கடலுக்கே அவர் வந்து சேர்ந்தார். நாம் 'தீவாந்தர சிட்சை' என்று எளிதாக எழுதிக் கடந்துபோகும் சொல்லுக்குள் இப்படியொரு அடுக்கும் உண்டு. 1908இல் வ. உ. சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்டதும் அதே சிட்சைதான். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் கழிந்தது.

நீலைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இத்தீவுக்கூட்டத்தில் மிக நெருக்கமான பெயர் அதுதான். ஆனால் அங்கே போய்வந்த எத்தனையோ பேரிடம் கேட்டும், ஒருவரும் அத்தொடர்பைச் சொல்லவில்லை.

ஜேம்ஸ் நீல் முதலாம் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்னும் ஐரோப்பியப் படைப்பிரிவின் தலைவர். 1857 மே மாதத்தில் சென்னையிலிருந்து கடல்வழியே கல்கத்தாவுக்கு அழைக்கப்பட்டு, காசியிலும் அலகாபாத்திலும் அவர் செய்தவற்றை ஆங்கில வரலாற்றாசிரியர்களே மறைக்கவில்லை. அலகாபாத்திலிருந்து கான்பூர் நோக்கி அனுப்பிய முன்படைக்கு, இன்னின்ன ஊர்களை அழிக்க வேண்டும், அங்குள்ள ஆடவரைக் கொல்ல வேண்டும் என்று எழுத்திலேயே ஆணை கொடுத்தவர் அவர். ஜூலை 15ஆம் நாள் கான்பூரின் பீபிகரில் சுமார் இருநூறு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அதன் பின் நகரைப் பொறுப்பேற்ற நீல், பிடிபட்டவர்களைத் தூக்கிலிடும் முன் அந்தக் குருதித் தரையில் ஒரு பகுதியைக் கழுவச் செய்ய வேண்டும், மறுப்பவனைச் சாட்டையால் அடிக்க வேண்டும் என ஜூலை 25ஆம் நாள் உத்தரவிட்டார். பீபிகர்க் கொலை நடப்பதற்கு முன்பே அலகாபாத்து ஆணைகள் பிறந்துவிட்டன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 'பழிக்குப் பழி' என்ற விளக்கம் நாட்காட்டியின் முன் நிற்பதில்லை. செப்டம்பர் 25ஆம் நாள் லக்னோவுக்குள் நுழையும்போது நீல் சுடப்பட்டு இறந்தார். ஹேவ்லாக் இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 24ஆம் நாள், வயிற்றுக்கடுப்பால் இறந்து லக்னோவை அடுத்த ஆலம்பாகில் புதைக்கப்பட்டார்.

அந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை எழுந்தது. 1927 ஆகஸ்டில் இரண்டு இளைஞர்கள் சுத்தியலும் கோடரியுமாக அதன் மேல் ஏறினார்கள். அதைத் தொடர்ந்து திருநெல்வேலி சோமயாஜுலு முதலானோர் தலைமையில் நீல் சிலை சத்தியாகிரகம் நடந்தது. கடலூர் அஞ்சலையம்மாள் சிறுமியான தம் மகளோடு சிறை சென்றார். அவ்வாண்டு சென்னை வந்த காந்தி, அகிம்சை வழுவாதிருந்தால் போராட்டம் நியாயமே என்றார். இளைஞர் காமராஜ் அடுத்த கட்டத் தலைமைக்குக் காத்திருந்தார். சைமன் குழுப் புறக்கணிப்பு வந்து அதைப் பின்னுக்குத் தள்ளியது. 1937இல் ராஜாஜி அமைச்சரவைதான் சிலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்திற்கு அனுப்பியது. சென்னைச் சாலையில் ஒரு சிலையைப் பொறுக்க முடியாது என்று தமிழர் சிறை சென்றார்கள். அதே மனிதரின் பெயரில் வங்கக் கடலில் இருந்த ஒரு முழுத் தீவு 2018 வரை எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

இதற்கு ஓர் எளிய காரணம் எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் நீலின் பெயருக்கு இறுதியில் 'எல்' இரண்டு. தீவின் பெயரை எழுதும்போது நடைமுறையில் ஒன்று உதிர்ந்துவிட்டது. வட இந்தியர் காதில் 'நீல்' என்றால் நீல நிறம். தமிழர் காதிலும் ஏறக்குறைய அதுவே. சுற்றுலாப் பயணிகள் பலர் கடலின் நிறத்தால் வந்த பெயர் என்றே நம்புகிறார்கள். போதாக்குறைக்கு, நீலின் படையினர் அணிந்த தொப்பி உறையின் நிறத்தால் 'நீலத் தொப்பியர்' என்றே அழைக்கப்பட்டார்கள். சில சமயம் வரலாறு வேண்டுமென்றே வார்த்தை விளையாட்டு விளையாடுகிறதோ என்று தோன்றும்.

இனி நிலத்திற்கு வருவோம். துறையிலிருந்து சாலை நம்பர் த்ரீ கடைத்தெருவுக்குப் போகிறது. ஆவணங்களில் அது கோவிந்த நகர். அங்கே பிரிந்து ஒரு கிளை கிழக்குக் கரையோரமாக நம்பர் ஃபைவ் என்னும் விஜய நகர் வழியே காலாபத்தருக்கும், இன்னொரு கிளை குன்றேறி மறுகரையில் நம்பர் செவன் என்னும் ராதாநகருக்கும் செல்கின்றன. கிருஷ்ண நகர், ஷியாம் நகர் என்ற ஊர்களும் உண்டு. தேசப்பிரிவினைக்குப் பின் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்களை அரசு 1950களில் இங்கே குடியமர்த்தியது. காட்டை வகுத்து, எண்ணிட்டு, எண்ணின்படி குடும்பங்களை இறக்கினார்கள். எண் நில அளவையின் மொழி. அதன் மேல் வந்த கண்ணன் பெயர்கள் வங்காள வைணவத்தின் மொழி. பக்கத்து நீல் தீவில் இதே காலத்தை ஒட்டி எழுந்த ஊர்களோ சீதாபூர், பரத்பூர், ராம்நகர், லட்சுமண்பூர். ஒரு தீவு பாகவதம், மறு தீவு இராமாயணம். நடுவில் சில கிலோமீட்டர் கடல். சேதுப்பிள்ளை பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ராதாநகர்ச் சாலையில் குன்றேறும் இடத்தில் வண்டியை விட்டு இறங்கி நடந்தேன். ஹாஸ்கின்ஸ் முறை இங்கே ஓரளவு வேலை செய்தது. தாழ்நிலத்தில் நெல், சரிவு தொடங்கும் இடத்தில் பாக்கும் தென்னையும் வாழையும், அதற்கு மேல் ஒரு கோடு கிழித்தாற்போல் காடு. அந்தக் கோடு இயற்கையானதன்று. குடியேற்றத் திட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்திற்கும் சமதளத்தில் நெல்வயலும் சரிவில் மேட்டுநிலமும் எனப் பிரித்தே வழங்கினார்கள். அதற்கு மேலே இருந்தது வனத்துறைக்குரியது. எழுபதாண்டுக்கு முன் ஒரு நில அளவையர் வரைந்த எல்லை இன்றும் மரங்களின் உயரத்தில் தெரிகிறது.

சரிவில் ஒரு தேநீர்க்கடை. நடத்துபவர் எழுபது வயதை நெருங்கும் வங்காளப் பெரியவர். இந்தியில் பேசினோம். எதற்கு வந்திருக்கிறாய் என்றார். பெயர்களைப் பற்றி ஆராய்கிறேன் என்றேன். "எந்தப் பெயர், தம்பி? அப்பா இறங்கும்போது இது வெறும் நம்பர். மரம் வெட்டிய இடத்தில் வீடு. வெட்டாத இடத்தில் பயம்," என்றார். சுவராஜ் த்வீப் என்று சொல்வீர்களா என்று கேட்டேன். கடைப் பலகையை விரலால் காட்டினார். அதில் மேலே சுவராஜ் த்வீப், கீழே ஹேவ்லாக், மூலையில் தொலைபேசி எண். இரண்டும் வேண்டும், வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே என்றார். இதைவிடச் செறிவான பதிலை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

அதே சாலையிலிருந்து வலப்புறம் காட்டுக்குள் இறங்கும் தடம் எலிபெண்ட் பீச்சுக்குப் போகிறது. கர்ஜன் மரங்கள் நெடிது உயர்ந்து நிற்க, வேர்கள் பாதையின் குறுக்கே படிக்கட்டுகளாகக் கிடக்கின்றன. அந்தமானில் யானை இயற்கையாக வாழ்ந்ததில்லை. மரம் இழுப்பதற்காக நிலப்பகுதியிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டவை அவை. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்தவும் பழக்கப்பட்டவை. அவற்றுள் கடைசியில் புகழ்பெற்றது ராஜன். கடலில் நீந்தும் அதன் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பின் யானைகளுக்கு வேலை குறைந்தது. ராஜன் 2016இல் இறந்தது. கரையில் 2004 ஆழிப்பேரலையில் சாய்ந்த பெருமரங்கள் எலும்புபோல் வெளுத்துக் கிடக்கின்றன. இத்தீவில் நடந்த ஒன்றிலிருந்தே பிறந்த பெயர்கள் என்று பார்த்தால் அவை மிகச் சில: யானைகள் உழைத்ததால் எலிபெண்ட் பீச், கரும்பாறைகள் இருப்பதால் காலாபத்தர். இரண்டையும் எந்த அரசாணையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

இப்போது மூன்றாவது பெயர். 2018 டிசம்பர் 30ஆம் நாள் பிரதமர் போர்ட் பிளேரில் அறிவித்தபடி ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது; நீல், ஷஹீத் த்வீப்; ஹேவ்லாக், சுவராஜ் த்வீப். சரியாக எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், 1943 டிசம்பர் 30ஆம் நாள், நேதாஜி போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றியதன் நினைவாக இது. ஆனால் நேதாஜி ஷஹீத் என்று பெயரிட்டது அந்தமான் தீவுகள் அனைத்திற்கும்; சுவராஜ் என்றது நிக்கோபார் தீவுகளுக்கு. ஹேவ்லாக்கும் நீலும் இரண்டுமே அந்தமான் பகுதியைச் சேர்ந்தவை. ஆக, நிக்கோபாருக்காகச் சொல்லப்பட்ட பெயர் வடக்கே பல நூறு கிலோமீட்டர் நகர்ந்து ஹேவ்லாக்கின் மேல் அமர்ந்தது. பெயர்மாற்றத்தைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. ஹேவ்லாக்கின் பெயரும் நீலின் பெயரும் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆய்வாளர் குறித்துக்கொள்ள வேண்டியது இவ்வளவே: இங்கும் பெயர் வேறோர் இடத்திலிருந்துதான் வந்தது.

அதனால் ஓர் உண்மை மறைந்து நிற்கிறது. என்னை இந்தப் பதிவை எழுதவைத்தது அதுதான்.

ஜப்பானியப் படை 1942 மார்ச் 23ஆம் நாள் அந்தமானைக் கைப்பற்றியது. நேதாஜி வந்து பெயரிட்டபோதும், பின்னர் 1944 பிப்ரவரியில் அவருடைய அரசின் சார்பில் தமிழரான ஏ. டி. லோகநாதன் ஆளுநராக வந்தபோதும், உண்மையான அதிகாரம் ஜப்பானியக் கடற்படையின் கையில்தான் இருந்தது. கல்வித் துறையைத் தவிர வேறெதுவும் லோகநாதன் வசம் தரப்படவில்லை. நேதாஜி வந்துபோன ஒரு மாதத்திற்குள், 1944 ஜனவரி 30ஆம் நாள், ஹம்ஃப்ரேகஞ்சில் நாற்பத்து நான்கு பேர் உளவாளிகள் என்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பஞ்சாபிக் கவிஞரும் மருத்துவருமான திவான் சிங் காலேபாணி அம்மாதமே செல்லுலர் சிறையில் சித்திரவதையால் இறந்திருந்தார்.

1945இல் நேச நாட்டுக் கப்பல்களின் முற்றுகையால் தீவுகளில் கடும் உணவுப் பஞ்சம். அவ்வாண்டு ஆகஸ்டில், போர் முடிய நாட்களே இருந்தபோது, போர்ட் பிளேரிலும் சுற்றூர்களிலும் இருந்து மக்களைத் திரட்டினார்கள். புதிய தீவில் பயிர்செய்யக் குடியேற்றப்போகிறோம் என்று சொல்லப்பட்டது. ஏற்றப்பட்டவர்களில் முதியோரும் நோயாளிகளும் இருந்தார்கள். படகுகள் இரவில் ஹேவ்லாக்கை நெருங்கின. கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே அவர்களைக் கடலில் குதிக்கச் சொன்னார்கள், மறுத்தவர்களைத் தள்ளினார்கள். பலர் மூழ்கிப்போனார்கள். கரையேறியவர்களுக்கு அன்று ஆளில்லாத இத்தீவில் உணவில்லை. ஆங்கிலேயர் திரும்பிவந்து தேடியபோது உயிரோடு கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மாண்டோர் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. எந்தக் கணக்கிலும் அது நூற்றுக்கணக்கில்தான் வருகிறது.

ஹேவ்லாக் கால்வைத்திராத மண்ணுக்கு ஹேவ்லாக்கின் பெயர். நேதாஜி நிக்கோபாருக்கு இட்ட பெயர் அதன் மேல். இம்மண்ணிலேயே மாண்டவர்களைச் சொல்லும் பெயர் மட்டும் எந்த அடுக்கிலும் இல்லை. மூன்று நாள் நடையில் நான் படித்த பலகைகள் ஏராளம். முக்குளிப்புக்கு அழைப்பவை, முதலை எச்சரிக்கை, வனத்துறை விதிகள், ராதாநகர்க் கடற்கரை பெற்ற சர்வதேசத் தரச்சான்று. 1945 ஆகஸ்டைச் சொல்லும் பலகை எதுவும் நான் நடந்த வழியில் கண்ணில் படவில்லை. தேநீர்க்கடைப் பெரியவருக்கு அந்த நிகழ்வு தெரிந்திருந்தது. ஆனால் தன் ஊர்க் கதையாக அல்ல, போர்ட் பிளேரில் கேட்ட கதையாக. அவரைக் குறைசொல்ல முடியாது. அவர் குடும்பம் வந்தது அதற்குப் பின். மாண்டவர்களின் குடும்பங்கள் இருந்தது வேறு தீவில். மாண்ட இடத்தில் அவர்களை நினைக்க உறவினர் இல்லை; உறவினர் இருக்கும் இடத்தில் அந்தக் கரை இல்லை. வரலாற்று நினைவு ஓரிடத்தில் ஊன்றாமற்போவதற்கு மறதியைவிட இந்த இடப்பெயர்ச்சி வலுவான காரணம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு அடுக்கு உண்டு. 'ஆளில்லாத தீவு' என்று மேலே நானும் எழுதிவிட்டேன். 1945க்கு அது பொருந்தும், 1845க்குப் பொருந்தாது. ரிச்சி தீவுக்கூட்டம் கிரேட் அந்தமானியரில் ஒரு பிரிவினரான ஆகர்-பாலே மக்களின் வாழிடம். 1858இல் கைதிக் குடியிருப்பு வந்த பின் பரவிய நோய்கள் அம்மக்கள் அனைவரையும் சில பத்தாண்டுகளுக்குள் குலைத்தன. 1906 முதல் 1908 வரை இங்கே களப்பணி செய்த ராட்கிளிஃப்-பிரவுன் கண்டது எஞ்சியவர்களை மட்டுமே. ஆகர்-பாலே மொழி பேசுவோர் இன்று இல்லை. கிரேட் அந்தமானியக் கிளைமொழிகளில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதர், போவா சீனியர், 2010 ஜனவரி 26ஆம் நாள் மறைந்தார். அவரோடு பணியாற்றிய மொழியியலாளர் அன்விதா அப்பி தொகுத்த அகராதியில் இத்தீவுகளின் பழைய இடப்பெயர்களும் இருக்கின்றன. 2018இல் பெயர்மாற்றம் பேசப்பட்டபோது அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். சேதுப்பிள்ளை முறையை உண்மையாகவே இங்கே பொருத்த வேண்டுமானால் தொடங்க வேண்டிய இடம் அந்த அகராதிதான். மலையையும் கடலையும் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். பிறரெல்லாம் வேறெதையோ நினைத்து வைத்தார்கள்.

மூன்றாம் நாள் பிற்பகல் ராதாநகர்க் கரையில், கடல் இலுப்பை மரங்களின் நிழலில், குறிப்பேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். இறுதியாண்டு படிக்கும் மகள் நான் எழுதுவதைப் பார்த்து, "அண்ணா, இந்த ஹேவ்லாக் யாரு?" என்றாள். சொன்னேன். நீல் தீவையும் சொன்னேன். மவுண்ட் ரோடு சிலை என்றதும் அவள் தந்தை திரும்பினார். அஞ்சலையம்மாளைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றாள் அவள். ஆனால் அந்தத் தீவுக்குத்தான் நேற்றுப் போய்வந்தோம் என்று இப்போதுதான் தெரிகிறது என்றாள். 1945ஐயும் சொல்லலாமா என்று யோசித்தேன். சிறுவன் ஒருவன் அலையில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். அதை மாலையில், கப்பல்துறையில் மீண்டும் சந்தித்தபோது, அவளிடம் மட்டும் சொன்னேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1945இல் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். போர்ட் பிளேரிலும், பின்னர் அங்கிருந்து சென்னை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளுக்குத் திரும்பிய குடும்பங்களிலும், ஜப்பானியர் காலத்தைக் கண்டவர்களோ பெற்றோர் வாயால் கேட்டவர்களோ இருக்கக்கூடும். அப்படி எவரையேனும் அறிந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள். நேரில் வந்து பதிவுசெய்வேன். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடமாட்டேன். பழைய கடிதம், ஒளிப்படம், ரேஷன் அட்டை எதுவாயினும் உதவும். அடுத்த பயணம் ஹம்ஃப்ரேகஞ்சிலிருந்து தொடங்குகிறது.